கர்ப்பத்தில் பல்வலி, இங்கிலாந்தில் செலவு: ஊருக்கு வரும்வரை காத்திருக்கலாமா?

குடியாத்தத்தைச் சேர்ந்த 31 வயதுச் சகோதரி ஒருவர் இங்கிலாந்திலிருந்து எழுதியிருக்கிறார். கணவருக்கு மென்பொருள் வேலை. ஆறு வயது மகனுடன் போன வருடம் பர்மிங்காம் பக்கம் குடியேறியிருக்கிறார்கள். இப்போது இவருக்கு ஐந்தாம் மாதம், 18 வாரம். நீளமான கடிதம், அடையாளங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

“கீழே வலது பக்கக் கடைவாய்ப்பல்லில் இரண்டு மாதமாக வலி. ஊரில் வைத்த ஃபில்லிங் பாதி பெயர்ந்துவிட்டது. ஈறில் கொப்புளம் மாதிரி வருகிறது. உடைந்தால் வாயில் உப்புக் கரிக்கிறது, வலி குறைகிறது, மறுபடி வருகிறது. விசா எடுக்கும்போதே மூன்று பேருக்கும் மூன்று வருடத்துக்குச் சேர்த்து 8,538 பவுண்டு மருத்துவ சர்சார்ஜ் கட்டினோம். ஜி.பி.யிடம் (இங்குள்ள குடும்ப டாக்டர்) பதிவும் செய்தோம். பல்லை நாங்கள் பார்ப்பதில்லை என்கிறார்கள். ஐந்தாறு பல் கிளினிக்குகளுக்குப் போன் போட்டேன், புதிதாக என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) நோயாளிகளை எடுப்பதில்லை என்றார்கள். கடைசியில் தனியாரிடம் 65 பவுண்டு கொடுத்துக் காட்டினோம். ரூட் கெனாலும் கேப்பும் சேர்த்து 1,450 பவுண்டு ஆகுமாம். மாசமாக இருக்கும்போது பல்லில் கை வைக்கக் கூடாது என்கிறார் அம்மா. டிசம்பரில் வளைகாப்புக்கு வரும்போது வேலூரிலேயே முடித்துவிடலாம் என்கிறார் கணவர். தம்பி இங்கே வந்தபோது மெடிக்கலில் வாங்கி வந்த அமாக்சிசிலினை மூன்று நாள் போட்டேன், வீக்கம் வடிந்தது. வலிக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு இலவசம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆனால் அரசு உதவி வாங்கினால் விசா நீட்டிப்பில் சிக்கல் வரும் என்று கணவர் பயப்படுகிறார். அவரும் ரூட் கெனால் செய்துவிட்டுக் கேப் போடாமலே கிளம்பி வந்தவர். பையனுக்குப் பின்பல்லில் கறுப்பாகத் தெரிகிறது. பால்பல்தானே என்று விட்டுவிட்டேன். என்ன செய்வது டாக்டர்?”

அன்புள்ள சகோதரிக்கு,

டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். அந்த 1,450 பவுண்டையும் கட்ட வேண்டாம். இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கும், குழந்தை பிறந்து 12 மாதம் ஆகாத தாய்மாருக்கும் என்.எச்.எஸ். பல் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. பல்லைத் தொடவே கூடாது என்று உங்கள் வீட்டில் நினைக்கும் இதே மாதங்களில்தான் அந்த நாடு உங்கள் பல் செலவை முழுதாக ஏற்றுக்கொள்கிறது. இது உங்கள் கணவருக்கும் அம்மாவுக்கும் தெரிய வேண்டும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆனால் பணத்தைவிட அந்தக் கொப்புளம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் செத்துப்போய், வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கிறது. அது எலும்பைத் துளைத்து ஈறு வழியாக வெளியே வரும்போது கொப்புளம். உடைந்தால் அழுத்தம் குறையும், வலியும் குறையும். நோய் அப்படியேதான் இருக்கும். அமாக்சிசிலின் வீக்கத்தை வடித்தது உண்மை. மருந்து ரத்தத்தோடு போய்த்தான் வேலை செய்யும். செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை. அதனால் கிருமி குடியிருக்கும் இடத்துக்கு மருந்து போய்ச் சேராது. உள்ளே சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பல்லை எடுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. மிச்சமிருக்கும் மாத்திரையை அடுத்த முறைக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த வலி மாத்திரையின் அட்டையை இப்போதே எடுத்துப் பாருங்கள். நம் ஊர் மெடிக்கலில் பல்வலி என்று கேட்டால் பெரும்பாலும் அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக், கீட்டோரோலாக், ஐபுப்ரூஃபன் இவற்றில் ஒன்றைத்தான் கொடுப்பார்கள், சில சமயம் பாராசிட்டமாலோடு கலந்து. இந்த வகை மருந்துகள் கர்ப்பிணிக்கு ஆகாது. அதிலும் 20 வாரத்துக்கு மேல் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடலாம். நீங்கள் அந்தக் கட்டத்தை நெருங்கிவிட்டீர்கள். அட்டையில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் குப்பையில் போட்டுவிடுங்கள். தனிப் பாராசிட்டமால் போதும். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஒரு வேளைக்கு ஒன்றோ இரண்டோ, நாலு மணி நேரமாவது இடைவெளி விட்டு, 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் போகக் கூடாது. வலிக்கிற இடத்தில் மாத்திரையைப் பொடித்து வைப்பது, லவங்க எண்ணெயைப் பஞ்சில் நனைத்து அப்புவது இரண்டுமே ஈறைப் புண்ணாக்கும்.

அம்மாவின் பயத்துக்குப் பதில்

உங்கள் அம்மாவின் பயம் அக்கறையில் வருவது. வேலூரில் என்னிடம் வரும் கர்ப்பிணிகளில் பலர் மாமியாரோ அம்மாவோ தடுத்ததைத் தாண்டித்தான் வருகிறார்கள். சீழ் பிடித்த பல்லை எந்த மாதத்திலும் பார்க்கலாம். பார்த்தே ஆக வேண்டும். அவசரமில்லாத வேலைகளைக்கூட நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் செய்வதுதான் வசதி. வாந்தி குறைந்திருக்கும், வயிறும் நாற்காலியில் சாய முடியாத அளவுக்குப் பெரிதாகியிருக்காது. நீங்கள் இப்போது சரியாக அங்கேதான் இருக்கிறீர்கள். டிசம்பரில் 30 வாரம் ஆகியிருக்கும். அப்போது மல்லாந்து ஒரு மணி நேரம் படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றும். வலது இடுப்புக்கடியில் ஒரு சிறு தலையணை வைத்து இடது பக்கம் கொஞ்சம் சாய்த்துத்தான் நாங்கள் வேலை செய்வோம், அதுவும் சின்னச் சின்ன அமர்வாக.

மரத்துப்போக ஊசி போடுவார்களே என்பீர்கள். லிக்னோகைன் என்ற அந்த மருந்தைக் கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள், பாதுகாப்பானது. பல்லுக்கு எடுக்கும் சின்ன எக்ஸ்ரேயின் கதிர் மிகக் குறைவு, வயிற்றை நோக்கியும் வராது. தேவைப்பட்டால் எடுக்கலாம். கர்ப்பம் என்பதை நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். ஃபில்லிங் வைக்க நேர்ந்தால், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் பாதரசம் கலந்த வெள்ளி ஃபில்லிங் தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் வைக்கக் கூடாது என்பது அங்கே 2018 முதல் விதி. அம்மாவுக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கலாம்: குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சிவிடும், அதனால்தான் பல் கெடுகிறது என்று. அப்படி எதுவும் நடப்பதில்லை. வாந்தியின் அமிலமும், அடிக்கடி கொறிப்பதும், ஈறு சுலபமாக வீங்குவதும்தான் காரணம். வாந்தி எடுத்ததும் பிரஷ் பண்ணாமல் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேயுங்கள்.

சர்சார்ஜ் கட்டியும் ஏன் பணம் கேட்கிறார்கள்?

ஒன்பது லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டிவிட்டு இன்னும் பணமா என்று உங்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035, குழந்தைக்கு 776 பவுண்டு என்ற கணக்கில் நீங்கள் கட்டியது, அந்த ஊர்க்காரர்கள் போலவே என்.எச்.எஸ்.ஸைப் பயன்படுத்தும் உரிமைக்கு. அந்த ஊர்க்காரர்களே பல்லுக்குப் பணம் கட்டுகிறார்கள். 2025 ஏப்ரலில் வந்த கட்டணப்படி இங்கிலாந்தில் பரிசோதனைக்கும் அவசர சிகிச்சைக்கும் 27.40 பவுண்டு. ஃபில்லிங், ரூட் கெனால், பல் எடுப்பது எல்லாம் அடுத்த படி, 75.30. கேப், பல் செட், பிரிட்ஜ் என்றால் 326.70. ஒரு சுற்று சிகிச்சைக்கு ஒரு தடவைதான் கட்டணம். நாலு பல்லுக்கு ஃபில்லிங் வைத்தாலும் அதே 75.30தான். உங்களுக்குச் சொன்ன ரூட் கெனாலும் கேப்பும் ஒரே சுற்றில் முடிந்தால், விலக்கே இல்லாத ஒருவருக்குக்கூட அந்தக் கணக்கில் 326.70தான். உங்களுக்கு அதுவும் இல்லை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் கணக்கு வேறு. அங்கே இருக்கும் உறவினர் சொல்வதை உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

ஜி.பி.யிடம் பதிந்தால் பல் டாக்டரும் சேர்ந்து வந்துவிடுவார் என்று நினைத்திருக்கிறீர்கள். இரண்டும் தனித்தனி. பல் டாக்டரிடம் ஜி.பி. மாதிரி நிரந்தரப் பதிவும் கிடையாது, வட்டார எல்லையும் கிடையாது. பக்கத்து ஊர்க் கிளினிக்கில் இடம் இருந்தால் அங்கே போகலாம்.

விசாவுக்கு ஆபத்து உண்டா?

இல்லை. உங்கள் விசாவில் அரசு நிதி பெறக் கூடாது என்று எழுதியிருப்பது யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான உதவித்தொகை), குழந்தைகளுக்கான மாதாந்திர உதவித்தொகை, வீட்டு வாடகை உதவி போன்றவற்றுக்கு. அவற்றுக்கு விண்ணப்பிக்காதீர்கள். அதில் உங்கள் கணவரின் எச்சரிக்கை சரி. என்.எச்.எஸ். சிகிச்சை அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதைப் பயன்படுத்தத்தான் முன்கூட்டியே பணம் கட்டியிருக்கிறீர்கள். மகப்பேறு விலக்கு கர்ப்பத்துக்காகத் தரப்படுவது. வருமானமோ குடியுரிமையோ அதில் பார்க்கப்படுவதில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது

உங்களைப் பார்க்கும் மிட்வைஃபிடம் (மகப்பேறு செவிலி) மகப்பேறு விலக்குச் சான்று வேண்டும் என்று கேளுங்கள். அவரே விண்ணப்பித்துவிடுவார். பிரசவத் தேதிக்குப் பிறகும் 12 மாதம் வரை அது செல்லும், மருந்துச் சீட்டுக்கும் காசு வாங்க மாட்டார்கள். சான்று கைக்கு வரும் முன்பே சிகிச்சை நடந்து பணம் கட்ட நேர்ந்தால், என்.எச்.எஸ். ரசீதை மறக்காமல் வாங்குங்கள். மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால் திரும்பக் கிடைக்கும். தனியாருக்குக் கொடுத்த 65 பவுண்டு போனதுதான். ஆனால் அங்கே எடுத்த எக்ஸ்ரேயை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த டாக்டர் மறுபடி எடுக்கத் தேவைப்படாது. கிளினிக்கில் தரும் படிவத்தில் விலக்குப் பெட்டியில் டிக் அடித்துக் கையெழுத்துப் போடும் முன், காரணம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தவறாகக் குறித்தால் கட்டணத்தோடு 100 பவுண்டு வரை அபராதம் வரும்.

சான்றுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். என்.எச்.எஸ். உதவி எண் 111க்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். கிளினிக்குகளிடம் நீங்கள் “புது நோயாளியை எடுப்பீர்களா” என்று மட்டும் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 111ல் இப்படிச் சொல்லுங்கள்: ஐந்து மாதக் கர்ப்பிணி, கடைவாய்ப்பல்லில் சீழ், ஈறு வீங்கி வீங்கி வடிகிறது, எனக்கென்று என்.எச்.எஸ். பல் டாக்டர் இல்லை. அவசரப் பல் சிகிச்சைக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் நேரங்களில் ஒன்றை அவர்கள் ஏற்பாடு செய்ய முடியும். ஆங்கிலத்தில் விளக்கத் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதற்கும் காசு இல்லை, கூச்சப்படவும் ஒன்றுமில்லை.

அந்த அவசர அமர்வில் வலியையும் சீழையும் அடக்குவார்கள். அதோடு வேலை முடியாது. மீதி ரூட் கெனாலுக்கும் கேப்புக்கும் முழுச் சிகிச்சை தரும் கிளினிக் ஒன்றை விடாமல் தேடுங்கள். இணையப் பட்டியலில் ‘எடுப்பதில்லை’ என்று இருந்தாலும் போன் செய்யுங்கள். பட்டியலை எல்லாரும் உடனுக்குடன் திருத்துவதில்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுங்கள், யாராவது வராமல் போனால் கூப்பிடச் சொல்லுங்கள். பல் நிலைக்கத் தேவையான சிகிச்சை என்.எச்.எஸ்.ஸில் உண்டு. கடைவாய்ப்பல் வேர் வளைந்து கடினமாக இருந்தால், பர்மிங்காமில் இருக்கும் பல் மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், காத்திருப்பு நீளும். பல்லைக் காப்பாற்ற முடியாது, எடுத்துவிடலாம் என்று சொல்லவும் வாய்ப்புண்டு. ஏன் முடியாது என்று எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லுங்கள். காரணம் தெளிவாக இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். சீழ் வைத்துக்கொண்டு பிரசவம்வரை ஓட்டுவதைவிட ஒரு பல் போவது மேல். பிறகு இம்ப்ளான்ட் (எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) வேண்டுமென்றால் அது பெரும்பாலும் என்.எச்.எஸ்.ஸில் வராது. அதை ஊரில் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் போன்கூட வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்: வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கமோ கண் பக்கமோ பரவினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கக் கஷ்டமானால், குளிர் காய்ச்சல் வந்தால். மூச்சுத் திணறினால் ஆம்புலன்சுக்கு 999.

வேலூருக்கு வருவது யாருக்கு லாபம்?

இங்கே கடைவாய்ப்பல் ரூட் கெனாலும் நல்ல கேப்பும் பெரும்பாலும் பத்து, பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அந்தக் கணக்குதான் உங்கள் கணவரை இழுக்கிறது. அங்கே இலவசமாக நடப்பதற்கு இங்கே எந்த விலையும் லாபமாகாது, நடுவில் மூன்று மாதம் சீழோடு இருக்கும் ஆபத்து வேறு. மீனம்பாக்கத்தில் இறங்கி, குடியாத்தம் வந்து, உறவினர் வீடுகள், வளைகாப்பு எல்லாம் முடித்து மிச்சமிருக்கும் நாட்களில் கேப்பை லேபுக்கு அனுப்பி வாங்க வேண்டும். டிசம்பர் கடைசியில் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். லேபுக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு லீவு உண்டு. பொருந்தாத கேப்பைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறினால் அங்கே அதைச் சரிசெய்ய யாரும் எளிதில் கை வைக்க மாட்டார்கள். வளைகாப்புக்கு வாருங்கள், அங்கே உங்களைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவர் சம்மதித்தால். 28 வாரத்துக்கு மேல் பல விமான நிறுவனங்கள் டாக்டர் கடிதம் கேட்கும். பல் வேலையை மட்டும் அதற்கு முன்பே முடித்துவிட்டு வாருங்கள்.

உங்கள் கணவருக்கு இந்தப் பயணம் லாபம். அவருக்கு விலக்கு இல்லை. 2025 கணக்கில் அங்கே கேப்புக்கு ஆகும் 326.70 பவுண்டு ரூபாயில் முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல். இங்கே அதில் ஒரு சிறு பங்குதான். இப்போதே இங்குள்ள டாக்டரிடம் நாள் குறித்து, வந்த மறுநாளே அளவு கொடுத்துவிடட்டும். அதுவரை அந்தப் பக்கம் முறுக்கு, எலும்பு கடிக்க வேண்டாம். ரூட் கெனால் செய்த கடைவாய்ப்பல் கேப் இல்லாமல் நடுவில் பிளந்தால் எடுப்பதுதான் வழி. அவருடைய நிறுவனத்தில் பல் சிகிச்சைக்கான காப்பீடு இருக்கிறதா என்று எச்.ஆர்.இல் கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்கென்று இப்போது தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் கோளாறுக்குப் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள், காத்திருப்புக் காலமும் வைப்பார்கள்.

பையனின் பின்பல்

இதை நீங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. ஆறு வயதில், பால் கடைவாய்ப்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு புதுக் கடைவாய்ப்பல் முளைக்கும். எதுவும் விழாததால் அதையும் பால்பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். இன்று இரவே அவனை விளக்குக்கு நேராக மடியில் படுக்கவைத்து, விரலால் கன்னத்தை ஒதுக்கி, முன்பல்லின் நடுவிலிருந்து எண்ணுங்கள். கறுப்பு ஆறாவது பல்லில் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். நாலாவது, ஐந்தாவது என்றால் பால்பல்தான். அதுவும் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்து அடுத்த பல்லுக்கு இடம் பிடித்துத் தர வேண்டியது. அதனால் அதையும் காட்டத்தான் வேண்டும்.

18 வயதுவரை அங்கே என்.எச்.எஸ்.ஸில் கட்டணமே இல்லை. பெரியவர்களை எடுக்காத சில கிளினிக்குகள் குழந்தைகளை எடுக்கும். அவனுக்கென்று தனியாகக் கேளுங்கள். மூன்று வயதுக்கு மேல் சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு வார்னிஷ் பூசுவார்கள், வேண்டும் என்று சொல்லுங்கள். பர்மிங்காம் வட்டாரத்தில் 1964 முதல் குழாய்த் தண்ணீரிலேயே ஃப்ளூரைடு சேர்க்கிறார்கள். ஊர்ப் பழக்கத்தில் கேன் தண்ணீர்தான் வாங்கிக் குடிக்கிறீர்கள் என்றால் அந்தப் பலன் அவனுக்குக் கிடைக்காமல் போகிறது. ஊரிலிருந்து வரும் பார்சலில் ஆற்காட்டு மக்கன் பேடா இருந்தால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். ராத்திரி பல் தேய்த்த பிறகு கொடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு இன்னும் மனம் சமாதானம் ஆகவில்லை என்றால், முன்பு உங்களுக்கு ஃபில்லிங் வைத்த டாக்டரிடம் ஒரு தரம் போய்ப் பேசச் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் அப்படியே வாங்கி, போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிடட்டும். அந்தப் பல்லில் முன்பு என்ன செய்தார்கள் என்று அங்கே பார்க்கும் டாக்டர் கேட்பார்.